ஒஸ்லோவில் எங்கே சாப்பிடலாம்

சிவமயம்

மீசாலை,
5.11.1989.

அன்புள்ள டானியலுக்கு,

இங்கே நானும் மகள் குணலட்சுமியும் சுகம். உமது சுகத்துக்காகப் பிள்ளையாரிடம் ஒரு சொல் சொல்லி வைத்திருக்கிறேன். நீர் வேதக்காரர்தான், ஆனால் அவர் அதெல்லாம் பார்க்கிறவர் இல்லை.

வருடத்துக்கு ஒரு கடிதம் போடுகிறவன் இந்த வருடம் இரண்டாவது போடுகிறேன் என்றால் ஏதோ விசயம் இருக்கிறது என்று இதற்குள் விளங்கியிருப்பீர். என் மகன் சோமசேகரம், உமது நோர்வேயின் வடக்குத் தொங்கலில் மீன் வெட்டுகிறவன், வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்லி ஓயாமல் எழுதுகிறான். விசா அலுவலும் சரிவந்துவிடும் போல் இருக்கிறது. அடுத்த யூலையில் ஒஸ்லோவில் வந்து இறங்குவேன். அவனுக்கு உடனே லீவு கிடையாதாம். “ஒரு கிழமை ஒஸ்லோவிலை நில்லுங்கோ ஐயா, பிறகு நான் வந்து கூட்டிக்கொண்டு போறன்” என்று எழுதியிருக்கிறான்.

அந்த ஒரு கிழமைக்குத்தான் உம்மிடம் ஒன்று கேட்க வேண்டும். ஒஸ்லோவில் அந்த ஊர்ச் சாப்பாடு எங்கே சாப்பிடலாம்? சோறு இங்கே தினமும் தின்கிறேன். அவ்வளவு தூரம் பறந்து வந்தும் எங்கள் பெடியளின் அறையில் பருப்பும் ரின்னில் அடைத்த மீனும் தின்றுவிட்டுத் திரும்பினால், வெளிநாடு போய் வந்தேன் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கும். அந்த நாட்டுச் சனம் தலைமுறை தலைமுறையாக எதைத் தின்கிறதோ அதைத் தின்று பார்க்க வேண்டும். உமக்குத் தெரியும், வெள்ளிக்கிழமையைத் தவிர எனக்கு எதுவும் ஒத்துவரும்.

என் மனுசி பூரணம் போன பிறகு இந்த வீட்டில் சாப்பிடுவது ஒரு வேலையாகிவிட்டது. குணலட்சுமி சோற்றுக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விடுவாள். நான் தனியே இருந்து மெல்லுவேன். அதனாலோ என்னவோ, கொஞ்ச நாளாகச் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றியே யோசனை ஓடுகிறது.

விபரமாக எழுதும். பதுளையில் நாம் இருவரும் படிப்பித்த காலத்தில் கடை தேடுகிற விசயத்தில் உமது மூக்கு ஒருநாளும் பிழைத்ததில்லை.

இங்கே இந்தியன் ஆமி சந்திக்குச் சந்தி நிற்கிறது. அடையாள அட்டையைக் காட்டிக் காட்டி அதில் என் முகம் அழிந்துவிட்டது.

அன்புடன்,
உமது
பஞ்சலிங்கம்


தேவன் துணை

ஒஸ்லோ,
2.12.1989.

அன்புள்ள பஞ்சலிங்கம்,

உமது கடிதத்தை டிராமில் வைத்து வாசித்தேன். இறங்க வேண்டிய இடம் போய்விட்டது. அடுத்த தரிப்பில் இறங்கிப் பனிக்குள் திரும்பி நடந்தேன். நடக்கும்போதும் சந்தோசமாகத்தான் இருந்தது.

நீர் கேட்ட கேள்விக்கு இந்த நகரத்தில் என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் சாப்பாடு.

யூலையில் வருகிறீர் என்பதால் துறைமுகத்தில் தொடங்குவோம். நகரசபைக் கட்டடத்துக்கு முன்னால் றால் வள்ளங்கள் வந்து கட்டும். வள்ளத்திலேயே கடல் தண்ணீரில் அவித்த றாலைக் கடதாசிப் பையில் அளந்து போட்டுத் தருவார்கள். வாங்கிக்கொண்டு கரையில் இருந்து, உரித்து, பாண் துண்டோடு தின்ன வேண்டியதுதான். உப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. முதல் நாள் நான் மிளகாய்த் தூளுக்காகச் சுற்றும் முற்றும் பார்த்தேன். இப்போது தேடுவதில்லை.

அடுத்தது, நாட்டுப்புறத்து ஆட்கள் நகரத்துக்கு வந்தால் சாப்பிடுவதற்கென்று நடத்துகிற ஒரு பழைய சாப்பாட்டுச் சாலை. தட்டத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையில் போக வேண்டும். இறைச்சி உருண்டை, மண்ணிறக் குழம்பு, அவித்த உருளைக்கிழங்கு, பக்கத்தில் ஒரு புளிப்புப் பழத்தின் ஜாம். இறைச்சிக்கு ஜாமா என்று கேட்பீர். தின்றுவிட்டுக் கேளும். புளித்த பாலாடையில் காய்ச்சிய கஞ்சி ஒன்றும் உண்டு. மேலே உருகிய வெண்ணெய், கறுவாத் தூள், சீனி. ஒரு கோப்பை தின்றால் அடுத்த நாள் வரை பசி தெரியாது.

மார்கழியில், நத்தார் காலத்தில் ஒரு மீன் தின்கிறார்கள். கல்லுப் போலக் காய்ந்த கருவாட்டைச் சாம்பல் காரத்தில் ஊறப்போட்டு, அது நொங்கு போல ஆன பிறகு அவித்து வைப்பார்கள். மணத்தைப் பற்றி எழுதினால் நீர் பயணத்தை நிறுத்திவிடுவீர். செம்மறி இறைச்சியும் முட்டைக்கோவாவும் முழு மிளகும் போட்டு மணிக்கணக்காக அவிக்கிற ஒன்றுதான் எல்லாவற்றிலும் மேல். ஆனால் அது கடைகளில் இலையுதிர் காலத்துக்குத்தான் வரும்.

இப்போது காரணம். இங்கே நம்மவர் நிறையப் பேர் வந்துவிட்டார்கள். எங்காவது கண்டால் அன்பாகத்தான் கதைப்பார்கள். “மாஸ்டர் எந்த ஊர்?” என்பார்கள். கொழும்புத்துறை என்பேன். “கொழும்புத்துறையிலை எவடம், எந்தப் பக்கம்?” என்பது அடுத்தது. எவடம் என்று சொன்ன பிறகு அவர்கள் வீட்டுக்கு வரச் சொல்லிக் கேட்பதில்லை. ஐந்து வருடத்தில் நான் உள்ளே போய்ச் சாப்பிட்ட தமிழ் வீடு ஒன்றும் இல்லை. என் மனுசி பொன்மலரும் இல்லை, ஒரு ஆளுக்காக அடுப்பு மூட்டவும் மனம் வராது. ஆசுப்பத்திரிச் சலவை வேலை முடிந்ததும் கடைக்குப் போய்விடுவேன். தட்டத்தை வைக்கிற பெண் எவடம் என்று கேட்பதில்லை. அப்படித்தான் நான் இந்த ஊர்ச் சாப்பாட்டில் பண்டிதன் ஆனேன்.

குணலட்சுமிக்கு என் அன்பு.

உமது
டானியல்


சிவமயம்

மீசாலை,
4.1.1990.

அன்புள்ள டானியலுக்கு,

உமது கடிதத்தைக் குணலட்சுமிக்கு உரத்து வாசித்துக் காட்டினேன். சாம்பல் கார மீனுக்கு அவள் சிரித்த சிரிப்பைப் பார்க்க நீர் இங்கே இருந்திருக்க வேண்டும். இந்த வீட்டில் சிரிப்புக் கேட்டு நெடுநாள்.

எங்கள் ஆட்கள் உம்மை அழைப்பதில்லை என்று எழுதியிருந்தீர். மனத்துக்குக் கஷ்டமாக இருந்தது. போன இடத்திலும் சனம் திருந்தவில்லை.

இன்னும் சில விபரம் வேண்டும். அந்தச் சாப்பாட்டுச் சாலையில் நீள மேசையும் வாங்குமா, சின்ன மேசைகளா? ஒரு மேசையில் எத்தனை பேர் இருக்கலாம்? முள்ளுக் கரண்டியால் தின்னாவிட்டால் பார்ப்பார்களா? நம்மவர் யாரும் அங்கே வந்து போவார்களா? றால் வள்ளத்தடிக்கும் நம்மவர் வருவார்களா?

ஒரு நல்ல செய்தி. குணலட்சுமிக்குப் பருத்தித்துறையில் ஒரு சம்பந்தம் பேசி வருகிறது. மாப்பிள்ளைக்கு அரசாங்கக் கச்சேரியில் வேலை. அவருடைய தமையன் நாகலிங்கம் ஒஸ்லோவில்தான் இருக்கிறார். அந்த வீட்டில் அவர் சொல்வதுதான் முடிவு. நான் வருகிறபோது அவரைச் சந்தித்துக் காரியத்தை ஒப்பேற்றலாம் என்று நினைக்கிறேன். குணலட்சுமிக்கு முப்பத்திரண்டு வயது. ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் கிட்ட வந்து குழம்பியது உமக்குத் தெரியும். இதுவும் போனால் அவளுடைய முகத்தை நான் எப்படிப் பார்ப்பது.

தங்குவதற்கு மகன் ஒரு விடுதியில் அறை பார்க்கிறான்.

அன்புடன்,
பஞ்சலிங்கம்


தேவன் துணை

ஒஸ்லோ,
25.1.1990.

அன்புள்ள பஞ்சலிங்கம்,

சின்ன மேசைகள்தான். இரண்டு பேருக்கு, நாலு பேருக்கு. என்னைப் போலத் தனியாக வருகிறவர்கள் யன்னலோரம் இருப்பார்கள். ஒருவருக்கொருவர் தலையசைப்போம், கதைக்க மாட்டோம். நம்மவர் அங்கே வருவதில்லை, அவர்களுக்கு உறைப்பு இல்லாமல் இறங்காது. வள்ளத்தடிக்கும் அப்படித்தான். கையால் தின்றால் ஒருமுறை பார்ப்பார்கள், பிறகு தங்கள் கோப்பையைப் பார்த்துத் தின்பார்கள்.

குணலட்சுமியின் செய்தி சந்தோசம். அவளை நான் தூக்கி வைத்திருந்தவன்.

விடுதிக்கு ஏன் காசைக் கொட்ட வேண்டும்? நேரே சொல்கிறேன், நீர் என்னுடன் தங்கும். ஒரு அறையும் குசினியும்தான். நீர் கட்டிலில் படுத்தால் நான் சோபாவில் படுப்பேன். உமது முதல் கடிதம் வந்த கிழமையே இன்னொரு கதிரை வாங்கிவிட்டேன். அதுவரை என் மேசைக்கு ஒரு கதிரைதான் இருந்தது. கடைக்காரன் நாலு சேர்ந்த செட்டாகத்தான் விற்பேன் என்று நின்றான். அவனோடு வாதாடி ஒன்றை மட்டும் வாங்கி, டிராமில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

இந்த ஊர்ச் சாப்பாடு எங்கே நல்லது என்று என்னோடு வேலை செய்கிற நோர்வேக்காரர்களைக் கேட்டுப் பார்த்தேன். எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள், வீட்டில் என்று. கடையில் கிடைப்பது வெளியூராருக்காம். அதனால் அந்தச் செம்மறி இறைச்சியும் கோவாவும் எப்படி அவிப்பது என்று கேட்டுப் பழகிவிட்டேன். யூலையில் அதை யாரும் அவிப்பதில்லை, நான் அவிப்பேன். நீர் என் மேசையில் இருந்து சாப்பிட வேண்டும். இத்தனை காலத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாடு உமது வாயில் பட்டதில்லை.

வெளிக்கிடுவதற்கு முன் ஒருமுறை கொழும்புத்துறைக்குப் போய் என் தங்கச்சி வினிபிரட்டைப் பாரும். பனங்கிழங்கு காயவைத்து இடித்த ஒடியல் மா கொஞ்சம் தந்துவிடுவாள். எந்த நாள் என்று முன்கூட்டிச் சொல்லி அனுப்பினால் மத்தியானத்துக்குச் சமைத்து வைப்பாள். அவள் கைச் சமையலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, நீர் சாப்பிட்டுவிட்டு எழுதும்.

உமது
டானியல்


சிவமயம்

மீசாலை,
11.2.1990.

அன்புள்ள டானியலுக்கு,

உமது கடிதம் இந்த முறை அதிசயமாகப் பத்து நாளில் வந்து சேர்ந்தது. கொழும்பில் இருந்து வந்த ஒருவர் கையோடு கொண்டுவந்தார். உடனே வினிபிரட்டுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு நேற்று முன்தினம் போய் வந்தேன்.

வினிபிரட் சுகம். ஷெல் விழுந்த பக்கத்துக்கு ஓடு போட்டாகிவிட்டது. உமது அறையை அப்படியே வைத்திருக்கிறா. கடற்கரைப் பக்கம் வள்ளங்கள் திரும்பப் போகத் தொடங்கிவிட்டன. இந்தியன் ஆமி மூட்டை கட்டுகிறது, இனி என்ன வருமோ தெரியாது. ஒடியல் மாவை இரண்டு பை போட்டுக் கட்டித் தந்தா. சாப்பிடச் சொல்லி நின்றா. வெள்ளிக்கிழமை, விரதம் என்று சொல்லிவிட்டேன். நல்ல பிள்ளை, குறை நினைக்க மாட்டா.

திரும்பி வரும்போது யாழ்ப்பாணத்தில் சாவகச்சேரி பஸ் வரச் சுணங்கிவிட்டது. பசி வயிற்றைப் பிடுங்கியது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சைவக் கடை திறந்திருக்கிறார்கள். நாலு தோசை தின்றேன். சம்பல் அந்த மாதிரி. நீர் இருந்திருந்தால் இன்னும் இரண்டு சொல்லியிருப்பீர்.

தங்குகிற விசயம். மகன் விடுதிக்கு முற்பணம் கட்டிவிட்டான். உமக்கு ஏன் கரைச்சல், வேலைக்குப் போகிற மனிதர். நான் விடுதியில் இருந்து உம்மிடம் வந்து போவேன். சாப்பாட்டுக்குத்தான் கடைகள் இருக்கின்றனவே. இரண்டு பேர் இருக்கிற சின்ன மேசை உள்ள கடைகளாக இன்னும் சிலவற்றை எழுதும். யன்னலோரம் இல்லாமல் கொஞ்சம் உள்ளே தள்ளி என்றால் நல்லது.

அன்புடன்,
பஞ்சலிங்கம்


தேவன் துணை

ஒஸ்லோ,
11.3.1990.

அன்புள்ள பஞ்சலிங்கம்,

உமது கடிதமும் வினிபிரட்டின் கடிதமும் ஒரே நாளில் வந்தன. அவள் எழுதியதை அப்படியே கீழே எழுதுகிறேன்.

“அண்ணை, பஞ்சலிங்கம் மாஸ்டர் வெள்ளிக்கிழமை வாறார் எண்டு சொல்லி அனுப்பினவர். அதாலை மீன், மச்சம் ஒண்டும் வைக்கேல்லை. புதுச் சட்டி வாங்கிக் கத்தரிக்காய்ப் பால்கறியும் முருங்கையிலை வறையும் பருப்பும்தான் வைச்சனான். வாழையிலையும் வெட்டி வைச்சனான். வந்து கதிரையிலை இருந்து நல்லாக் கதைச்சார். சாப்பிடுங்கோ எண்டன், விரதம் எண்டார். தேத்தண்ணியாவது குடியுங்கோ எண்டன், அதுவும் வேண்டாமாம். நான் பிறகு ஒண்டும் கேக்கேல்லை. சோத்தைப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்திட்டன்.”

என் தங்கச்சி வீட்டில் இருந்த விரதத்தைப் பஸ் நிலையத்தில் நாலு தோசையோடு முறித்திருக்கிறீர். அதை எனக்கு எழுதியும் இருக்கிறீர். உமக்குப் பொய் சொல்ல வராது. அதுதான் எனக்கு அதிகம் நோகிறது. பொய் என்று உமக்குத் தெரிந்திருந்தால் தோசையை மறைத்திருப்பீர். உமக்கு அது ஒரு விசயமாகவே படவில்லை.

அந்தத் தோசைக்கு மா அரைத்தவன் யார், எவடம், என்ன சாதி என்று கேட்டீரா? கடையில் யாரும் கேட்பதில்லை. எங்கள் வீட்டில்தான் கேட்காமலே உமக்குத் தெரியும்.

உமது வீட்டுக்கு நான் வந்தால் உமது அம்மா தேத்தண்ணி தருகிற கண்ணாடித் தம்ளர் ஒன்று இருந்தது. அதை மாட்டுக் கொட்டில் பக்கத்தில்தான் வைப்பார். குடித்துவிட்டு நானே கழுவி அங்கே வைத்துவிட்டு வருவேன். அம்மா பழைய மனுசி, நீர் அப்படி இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அம்மா போய் எவ்வளவோ காலம். இப்போது அந்த வீட்டில் பழைய மனுசர் யார்?

போன மாதம் முழுவதும் நான் எப்படி இருந்தேன் தெரியுமா? வேலையால் வந்து, உமது கதிரையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். கடைக்குப் போவதையே விட்டுவிட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் செம்மறி அவித்துப் பார்த்தேன். மிளகு கூடினால் உமக்குப் பிடிக்கும், கூடப் போட்டேன். ஒரு ஆளுக்காக அடுப்பு மூட்ட மனம் வராதவன் இரண்டு பேருக்குச் சமைத்துப் பழகினேன்.

வளைத்து எழுதத் தெரியாது. யூலையில் என் வீட்டில் ஒருநேரம் சாப்பிடுவீரா? ஓம் என்றால் ஓம், இல்லை என்றால் இல்லை. விரதம், முற்பணம், கரைச்சல் ஒன்றும் வேண்டாம்.

உமது
டானியல்


சிவமயம்

மீசாலை,
15.4.1990.

அன்புள்ள டானியலுக்கு,

வருடப் பிறப்புக்கு அடுத்த நாள் இருந்து எழுதுகிறேன். உமது கடிதத்தை வாசித்தபோது கோபம் வந்தது. தோட்டத்துக்குப் போய், வேலையில்லாத வேலையாக வாழைக்குத் தண்ணீர் கட்டினேன். கோபம் போய்விட்டது. அதற்குப் பதிலாக வேறு ஒன்று வந்து நெஞ்சுக்குள் இருக்கிறது.

சாதி என்று எழுதிவிட்டீர். முப்பது வருடமாக நாம் இருவரும் வாயில் எடுக்காத சொல். எழுதாமல் விட்டிருந்தால் நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். இப்போது உண்மையைத்தான் எழுத வேண்டும்.

வினிபிரட் கோப்பையில் போட்டுத் தந்திருந்தால் எனக்கு அருவருப்பு ஒன்றும் இருந்திருக்காது. சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் கை போகாது. சின்ன வயதில் இருந்து பழக்கின கை. அந்த வாசலில் ஏறும்போதே விரதம் என்ற சொல் தானாக வாயில் வந்து நின்றது. பஸ் நிலையத்தில் அது நினைவிலேயே இல்லை. நீர் எழுதிய பிறகுதான் எனக்கே வெட்கமாக இருந்தது.

அது என்னோடு போகட்டும். குணலட்சுமியின் காரியத்தைப் பாரும். பருத்தித்துறையில் இருந்து வந்த ஆட்கள் போன கிழமை கேட்கிறார்கள், “மாஸ்டர் ஒஸ்லோவிலை ஆரோடை நிக்கப்போறியள்?” என்று. விடுதியில் என்றேன். “நல்லது, அங்கை எல்லாரும் எல்லா இடமும் கை நனைக்கினமாம்” என்று சொல்லி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உமது வீட்டில் நான் சாப்பிட்டேன் என்று நாகலிங்கத்தின் காதில் விழுந்தால் போதும். அவள் இந்த வீட்டிலேயே நரைத்துப்போவாள். தகப்பனாக நான் என்ன செய்வது?

கடையை நான் கேட்டதை நீர் அவமானமாக எடுத்துக்கொண்டீர். அதற்குத்தான் இந்தக் கடிதம். பதுளையில் அந்தச் சோனக மனிதரின் கடை நினைவிருக்கிறதா? மூன்று வருடம் ஒரே மேசையில் இருந்தோம். ஒரு கோப்பையில் கறி, அதில் நீர் பாணைத் தொட்டுத் தின்றீர், நானும் தொட்டுத் தின்றேன். மாற்றலாகி ஊருக்கு வந்து இறங்கிய நாளோடு அது நின்றுவிட்டது. அதற்குப் பிறகு உமக்கு எதிரே இருந்து நான் ஒருநேரமும் சாப்பிட்டதில்லை. பூரணத்தோடு எத்தனையோ வருடம் சாப்பிட்டேன், அவளும் போய்விட்டாள். இப்போது தனியே இருந்து மெல்லும்போது பதுளைக் கடைதான் கண்ணுக்குள் வருகிறது.

நம்மவர் வராத ஒரு கடை, உள்ளே தள்ளி ஒரு சின்ன மேசை, எதிரே நீர். இதுதான் எனக்கு வேண்டும். அந்த நாட்டுச் சாப்பாட்டில் எனக்கு என்ன ஆசை? வேறு எப்படி உம்மிடம் கேட்பது என்று தெரியாமல்தான் அப்படிக் கேட்டேன்.

உமது வீட்டுக்கு வருவேன். அந்தக் கதிரையில் எவ்வளவு நேரம் என்றாலும் இருப்பேன். சாப்பாடு மட்டும் கடையில். இதற்கு ஓம் சொல்லும், டானியல்.

என்றும் உமது
பஞ்சலிங்கம்


தேவன் துணை

ஒஸ்லோ,
9.6.1990.

பஞ்சலிங்கத்துக்கு,

பதில் எழுதச் சுணங்கிவிட்டது. இரண்டு முறை எழுதத் தொடங்கி விட்டுவிட்டேன்.

நீர் எழுதியதை நம்புகிறேன். என்னோடு ஒரு மேசையில் இருக்கத்தான் கடை கேட்டீர் என்று வாசித்தபோது, ஆசுப்பத்திரிச் சலவை அறையில் துணிகளுக்கு நடுவில் நின்று அழுதேன். என்னிடம் யாரும் அப்படி ஒன்றைக் கேட்டு நெடுநாள். அந்தப் பகுதியை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

ஆனாலும் என்னால் ஓம் சொல்ல முடியவில்லை. பதுளையில் நமக்கு இருபத்தைந்து வயது. ஊருக்குப் போன பிறகு எல்லாம் சரிவரும் என்று அப்போது நான் நினைத்திருந்தேன். இப்போது எனக்கு ஐம்பத்தாறு. கடையில் சாப்பிடுவதற்கு எனக்குத் துணை தேவையில்லை, பஞ்சலிங்கம். தனியே சாப்பிட்டு நன்றாகப் பழகிவிட்டேன். வீட்டில்தான் எனக்கு ஆள் இல்லை. நீர் என் வீட்டில் வந்து இருந்து கதைத்துவிட்டு, சாப்பாட்டு நேரம் வந்ததும் நாம் இருவரும் எழும்பிச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு கடைக்கு நடப்பதா? அந்த நடையை என்னால் நடக்க முடியாது. அடுப்பில் கறி இருக்கும்.

குணலட்சுமியின் காரியத்தில் நீர் சொல்வது எனக்கு விளங்குகிறது. எனக்கு ஒரு மகள் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது. அவளுக்கு என்னால் ஒரு சொல்லும் வரக் கூடாது. நாகலிங்கத்தை எனக்குத் தெரியும், டிராமில் கண்டால் தலையைத் திருப்பிக்கொள்கிறவர். நான் உமக்கு யார் என்று அவர் கேட்டால், முன்பு ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர் என்று சொல்லும். அது உண்மைதான். அந்தச் சாப்பாட்டுச் சாலைக்கு அவருடனேயே போம். பாலாடைக் கஞ்சி கேளும், மறந்துவிட வேண்டாம்.

பாசை தெரியாத ஊரில் உம்மைத் தனியே இறக்கிவிட எனக்கு மனம் வராது. அதனால் விமான நிலையத்துக்கு வருவேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பஸ்ஸில் ஏற்றி, விடுதி அறை வரை கொண்டுபோய் விடுவேன். குழாயில் சுடுதண்ணீர் எப்படித் திறப்பது, கதவை எப்படிப் பூட்டுவது என்று காட்டுவேன். அதோடு நான் போய்விடுவேன். அந்தக் கிழமையில் பிறகு உம்மைப் பார்க்க வரமாட்டேன், நீரும் என்னைத் தேட வேண்டாம். சோமசேகரம் வந்து உம்மைக் கூட்டிக்கொண்டு போவான். திரும்பி ஊருக்குப் போன பிறகு எழுதவும் வேண்டாம். உமது கடிதத்தைக் கண்டால் நான் மறுபடியும் நம்பத் தொடங்கிவிடுவேன்.

உம்மில் எனக்குக் கோபம் இல்லை. நீர் வருகிற நாளைச் சோமசேகரத்திடம் கேட்டு அறிந்தேன், விமானம் காலையில் இறங்கும். நெடும் பயணம், சாப்பாடு ஒத்துவராது, களைத்துப்போய் வருவீர். கண்டதும் பெட்டியை என்னிடம் தாரும். பசிக்கிறதா என்று நான் கேட்க மாட்டேன்.

டானியல்